பாதியில் நின்ற இரங்கலுரை

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. மன்னாரில் பிறந்தவனுக்கு வெக்கை புதிதில்லை, அதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் விசிறிக் காற்று நேராகத் தொண்டையில் பட்டால் குரல் கட்டிவிடும். இந்தக் குரலை வைத்துத்தான் இவ்வளவு காலமும் மரியாதையாக வாழ்ந்தேன். நன்றி. இனி நீங்கள் கேட்டதற்கெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன். எழுதுகிற தம்பி அவசரப்பட வேண்டாம், நான் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவேன்.

என் பெயர் கனகசிங்கம். வயது எழுபத்தொன்று. இந்தத் தீவில் எந்தச் சமயத்தவர் இறந்தாலும், ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வீதிவீதியாகப் போய் அறிவிப்பவன் நான். கேட்டால் இரங்கலுரையும் ஆற்றுவேன். கேட்காவிட்டாலும் ஆற்றுவேன். மீன் வாங்கச் சந்தைக்குப் போனால்கூட, "ஆர் ஐயா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். "ஒருத்தருமில்லை, பாரை வாங்க வந்தனான்" என்றால் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் பிறகுதான் தராசை எடுப்பார்கள். என் வாயிலிருந்து வந்த மரணம் ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. அதனால் யாரும் விசாரிப்பதுமில்லை. என் ஓட்டோ ஓர் ஒழுங்கையைத் தாண்டிப் போனால் அந்த ஒழுங்கையில் வெள்ளைக்கொடி ஏறிவிடும்.

இந்தத் தொழிலில் எனக்கு ஒரே ஒரு மனக்குறைதான். நல்ல செத்தவர் ஒருவரும் வாய்க்கவில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். ஒலிபெருக்கிக்குப் பின்னால் நின்று பார்த்தால் தெரியும். ஊரில் ஒருவரோடும் ஒத்துப்போகாமல் வேலிச் சண்டையிலேயே காலத்தைக் கழித்த ஒருவரை, "மனதில் பட்டதை மறைக்கத் தெரியாத மாமனிதர்" என்று சொன்னேன். பொழுது விடிந்தால் கள்ளுக் கொட்டிலில் இருந்தவரை, "தாகம் தீராத தேடல் கொண்டவர்" என்றேன். கட்டிலை விட்டு இறங்காமல் வாழ்ந்து கட்டிலிலேயே போனவரை, "எதற்கும் அவசரப்படாத நிதானசாலி" என்றேன். மனைவிமார்கூட என்னை ஆச்சரியமாகப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பொய்யும் கலக்காமல், உள்ளதை உள்ளபடி சொல்லி ஊரை அழவைக்க வேண்டும் என்பது என் ஆசை. அதில் என்ன தவறு என்று சொல்லுங்கள்.

அப்படியிருக்கும்போதுதான் சாந்தரூபன் என்னைத் தேடி வந்தார்.

அவரை உங்களுக்குத் தெரியும். தோட்டவெளிப் பிள்ளை. தாய் தகப்பன் இல்லை, கனடாவில் மாக்கிறட் என்று ஓர் அக்கா மட்டும். கொழும்பில் பெரிய சம்பளத்தை உதறிவிட்டு வந்து, நகரத்தில் ஒரு மேல்மாடி அறையைக் கந்தோராக்கி 'முன்னோசை' என்று கொம்பனி தொடங்கினார். நம் கழுதைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பொழுது சாய்ந்தால் தார் ரோட்டின் சூட்டுக்கு வந்து நடுவில் நிற்கும், ஹோர்ன் அடித்தால் திரும்பிப் பார்க்கும், நகராது. அவற்றில் மோதிக் கை கால் முறியாத குடும்பம் குறைவு. சாந்தரூபன் ஒவ்வொரு கழுதையின் கழுத்திலும் ஒரு பட்டி கட்டினார். ஒவ்வொரு மோட்டார் சைக்கிளிலும் ஒரு சின்னப் பெட்டி. கழுதை கிட்ட வந்தால் பெட்டி பேசும். அந்தப் பெட்டிக்குக் குரல் தந்தவன் நான்.

"முன்னால் கழுதை. நிதானம்." அவ்வளவுதான் வசனம். ஆனால் நான் சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். தொடக்கத்தில் சிலர் பெட்டி பேசியதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். ஒருவர் வீட்டுக்குப் போய்க் கழுதை செத்துவிட்டதாகவே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் விபத்துகள் அப்படியே நின்றுபோயின. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் படம் பிடிக்க வந்தார்கள். பதினொரு பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவர் என்னைக் கண்டால் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, "எப்பிடி ஐயா சுகம்?" என்று கேட்பார்.

போன மாரியில் எனக்கு நெஞ்சு வலித்தது. வைத்தியர் இனிக் கவனமாக இருக்கச் சொன்னார். வீட்டில் சும்மா இருந்தபோது, விளையாட்டாகத்தான், சாந்தரூபனுக்கு ஓர் இரங்கலுரை எழுதத் தொடங்கினேன். கை தானாக ஓடியது. எங்கேயும் பூசி மெழுக வேண்டியிருக்கவில்லை. எழுதி முடித்து உரக்க வாசித்துப் பார்த்தேன். வாசித்துவிட்டு நானே விம்மி விம்மி அழுதேன். என் வாழ்நாளில் நான் எழுதியதில் ஆகச் சிறந்தது அதுதான்.

ஒரே ஒரு இடைஞ்சல், அவர் உயிரோடு இருந்தார்.

அவருக்கு வயது முப்பத்துநான்கு. குடி இல்லை, வெற்றிலை இல்லை, விடிய எழும்பிக் கடற்கரையில் ஓடுகிறவர். இருமல் ஏதும் உண்டா என்று ஒருநாள் அன்பாக விசாரித்தேன். இல்லை என்றார். மனம் சோர்ந்துபோனது. என் வயதையும் அவர் வயதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முறைப்படி நடந்தால் நான்தான் முதலில் போவேன். என் மரணத்தை அறிவிக்க எவனாவது தொண்டை கட்டினவன் வருவான். அந்த உரையோ என் அலுமாரிக்குள் கிடந்து கறையானுக்குப் போகும். அது அநியாயம். எனக்கு மட்டுமல்ல, சாந்தரூபனுக்கும் அநியாயம்.

அவரைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைத்ததில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிறகு ஒருநாள் அவராகவே வந்து வழியைக் காட்டினார். தன் கைத்தொலைபேசியை என் கையில் வைத்தார்.

"ஐயா, இதை ஒரு கிழமைக்கு உங்களோட வைச்சிருங்கோ. கந்தோரில வைச்சா பிள்ளையள் ஏதாவது அவசரமெண்டு பின்னால கொண்டு ஓடி வருவினம்."

"எங்க தம்பி போறீங்கள்?"

"மடுப் பக்கம் காட்டுக்குள்ள ஒரு தியான இல்லம். கதைக்கக்கூடாது, போன் பாக்கக்கூடாது. தலை வெடிக்குது ஐயா, கொஞ்சம் சும்மா இருந்திட்டு வாறன். ஆருக்கும் சொல்லாதேங்கோ. வெளிநாட்டுப் பயணமெண்டு சொல்லியிருக்கிறன். வாற சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கெல்லாம் மோட்டார் சைக்கிளிலயே தோட்டவெளிக்கு வந்திடுவன்."

ஆருக்கும் சொல்லாதேங்கோ என்றார். நான் சொல்லவில்லை. இன்றுவரை அந்த வாக்கைக் காப்பாற்றியே வந்திருக்கிறேன்.

மறுநாள் காலை ஓட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டினேன். அறிவித்தல் இப்படி இருந்தது: தோட்டவெளியைப் பிறப்பிடமாகக் கொண்டவரும், முன்னோசை நிறுவனத்தின் தாபகரும், தொழில்நுட்பத் துறையின் விடிவெள்ளியும், கனடாவில் வசிக்கும் மாக்கிறட்டின் பாசமிகு தம்பியுமான சாந்தரூபன் அவர்கள் சிங்கப்பூரில் காலமானார். பூதவுடல் எடுத்துவரப்படும் திகதி பின்னர் அறிவிக்கப்படும். இதில் பிறப்பிடம் சரி, நிறுவனம் சரி, அக்கா சரி, விடிவெள்ளி என்பதும் மிகையில்லை. எனக்குத் தெரிந்த எத்தனையோ அறிவித்தல்களை விட அதில் உண்மை அதிகம்.

நான் தோட்டவெளியைச் சுற்றி வருவதற்குள் வெள்ளைக்கொடி ஏறிவிட்டது. நம்பாதவர்கள் சிலர் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்கள் செய்தது இதுதான்: உண்மையா என்று கேட்கச் சாந்தரூபனின் தொலைபேசிக்கே அழைப்பு எடுத்தார்கள். அது என் சட்டைப் பையில் இருந்தது. நான் எடுத்து, "ஓம். உண்மைதான்" என்றேன். என் குரலைக் கேட்டதும் அவர்களுக்கு வேறு சந்தேகமே வரவில்லை. போகும்போது கடைசியாக என்னிடம் ஒப்படைத்த பொருள் என்று சொன்னபோது பலர் தேம்பி அழுதார்கள். வெளிநாடு போகிறவர் போனை ஏன் விட்டுவிட்டுப் போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள்தான் முதலில் கேட்டீர்கள். நல்ல கூர்மையான மூளை உங்களுக்கு. அதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

மாக்கிறட் கனடாவிலிருந்து அழைப்பு எடுத்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது. "என்ர தம்பி சாப்பிட்டவனோ?" என்று கேட்டுக் கேட்டு அழுதார். செத்தவர் சாப்பிட்டாரா என்று கேட்பது எவ்வளவு பெரிய பாசம். அந்த வரியை உரையில் சேர்த்துக்கொண்டேன். உரை இன்னும் மெருகேறியது.

ஐயா, அந்தக் கிழமை மன்னார் துக்கம் கொண்டாடிய அழகை நீங்கள் பார்த்தீர்கள். முன்பு "கழுதைக்கு மணி கட்ட வந்திட்டார் பெரிய இஞ்சினியர்" என்று நக்கலடித்தவர்களெல்லாம், "நான் அப்பவே சொன்னனான், அவன் ஒரு மேதை" என்று தேநீர்க் கடையில் கண்ணைத் துடைத்தார்கள். கழுதைகள் சோகத்தில் புல்லைத் தொடவில்லை என்று ஒரு கதை பரவியது. நானே போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருந்தன. கொம்பனியின் எதிர்காலம் என்ன ஆகும் என்று கவலைப்படாதவர் இல்லை. சந்தையில் மீன் வெட்டுகிறவர்கூடக் கத்தியை நிறுத்திவிட்டு, இனி மாடுகளுக்கும் பட்டி கட்ட வேண்டும், அதுதான் வளர்ச்சி என்றார்.

எருக்கலம்பிட்டியிலிருந்து வஸீர் ஆட்களோடு வந்தார். அவர் அங்கே பெரிய வியாபாரி, கழுதையில் மோதி இரண்டு தடவை கை முறிந்தவர், மூன்றாவது தடவை பெட்டி காப்பாற்றியது. கதிரையில் உட்கார்ந்ததும் ஒரே கேள்விதான்.

"எப்ப அடக்கம்?"

"உடல் இன்னும் வரேல்லை."

"மௌத்தானவரை இப்படிக் காக்க வைக்கிறது சரியில்லை, கனகசிங்கம் அண்ணன். அங்கேயே அடக்கிடச் சொல்லுங்க. நான் சிங்கப்பூரில என்ர மச்சானுக்குச் சொல்லி இண்டைக்கே பாக்கச் சொல்றன்."

அவசரமாகக் குறுக்கிட்டேன். மச்சானுக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம், ஆளே வந்துவிடுவார் என்றேன். ஆள் என்றதை அவர் உடல் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், தலையாட்டினார். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் தோட்டவெளித் திடலில் அஞ்சலிக் கூட்டம் என்று முடிவாயிற்று. நாளையும் நேரத்தையும் முடிவு செய்தவன் நான்தான். ஏற்பாடுகளையும் என் தலையிலேயே போட்டார்கள். நகரத்துக்குள் பதாகை வேண்டாம், ஆடம்பரம் அவருக்குப் பிடிக்காது என்றேன். ஒரே ஒரு பதாகை, தோட்டவெளிக்குத் திரும்பும் வளைவில், றஞ்சிதத்தின் கடைக்கு எதிரே போதும் என்றேன். பெரிதாக, சிரித்த முகத்தோடு, 'கண்ணீர் அஞ்சலி' என்று. வளைவைத் திரும்புகிறவர் கண்ணில் சட்டென்று பட வேண்டும் என்று இடத்தை நானே நின்று காட்டினேன்.

கழுதைகளும் துக்கத்தில் பங்கெடுக்கட்டும் என்று சொன்னவனும் நான். அவற்றுக்காகவே வாழ்ந்த மனிதரல்லவா. திடலில் சமைத்த மரக்கறியின் தோலையும் தண்டையும், பூசணிக்காய்த் துண்டுகளையும் கொண்டுபோய் அதே வளைவில், பதாகைக்குக் கீழே, ரோட்டில் பரப்பி வைத்தேன். ஊர் முழுவதும் அதைப் பார்த்து நெகிழ்ந்துபோனது.

அஞ்சலியின் முக்கியமான அங்கம் மௌனம். மனிதர் மௌனமாக இருப்பது எங்கும் உள்ள வழக்கம். பெட்டிகளும் மௌனமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்டேன். கந்தோரில் ஒரு பொத்தானை அழுத்தினால் தீவிலுள்ள எல்லாப் பெட்டியும் நின்றுவிடும். அந்தப் பொத்தான் சுகந்தினியின் பொறுப்பு. நானாட்டான் பிள்ளை, சாந்தரூபனுக்கு அடுத்தவர். அழுது அழுது முகம் வீங்கியிருந்தாலும் வேலையில் கண்ணாக இருந்தார்.

"நிப்பாட்டேலாது ஐயா. அது பொழுதுபடுற நேரம். கழுதையெல்லாம் ரோட்டில வந்து நிக்கும். ஆரும் அடிபட்டால் ஆர் பொறுப்பு?"

"ஆர் பிள்ளை அடிபடப் போகினம்? தீவில இருக்கிற சனம் முழுக்கத் திடலில நிக்கும். ரோட்டில ஒரு குருவி இராது."

அவர் யோசித்தார்.

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிசம் போதும்" என்றேன்.

சுகந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி ஐயா, றூபன் அண்ணாவுக்காக என்றார். பாவம். அந்தப் பிள்ளை மீது எந்தக் குற்றமும் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கூட்டம் பிரமாதமாக நடந்தது. கொம்பனியை வெளியாருக்கு விற்பதில்லை, சுகந்தினியே இனித் தலைமை என்று பதினொரு பேரும் கையை உயர்த்தினார்கள். வஸீர் எழுந்து எருக்கலம்பிட்டி ஆடுகளுக்கும் பட்டி வேண்டும் என்று கேட்டார். மேடையிலேயே சுகந்தினி ஆட்டுக்குப் பட்டி எந்த அளவில் வேண்டும் என்று விளக்கத் தொடங்கிவிட்டார். துக்க வீட்டில் இவ்வளவு உற்சாகத்தை நான் கண்டதில்லை. உண்மையைச் சொன்னால் சாந்தரூபன் இருந்தபோது அந்தக் கொம்பனி இவ்வளவு தெளிவாக ஒரு முடிவும் எடுத்ததில்லை.

பிறகு, ஆறு மணியடிக்க, மௌனம். ஆயிரம் பேர் தலை குனிந்து நின்றார்கள். சுகந்தினி கந்தோரில் காவலுக்கு இருந்தவரிடம் பொத்தானை அழுத்தும்படி போனில் சொன்னார். தீவில் ஒரு பெட்டியும் பேசவில்லை. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், நான் மட்டும் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மௌனம் முடிந்ததும் ஒலிவாங்கியைப் பிடித்தேன். ஐயா, அந்த உரையை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். முதல் பந்தியிலேயே பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார்கள். மாக்கிறட்டின் வரி வந்தபோது வஸீர் போன்ற மலை மனிதரே உடைந்துபோனார். அறுபது வருடமாக ஊரில் எதற்கும் அழாத ஒருவர் குழந்தையைப் போல அழுததை என் கண்ணால் கண்டேன். நான் என் உரையின் நடுவிடத்துக்கு வந்தேன். இதுவரை சொன்னதெல்லாம் வாசற்படி, வீடு இனித்தான் என்ற இடம். "அவரது மறைவு எமக்கு" என்று சொல்லி, வழக்கம்போல ஒரு மூச்சு நிறுத்தினேன்.

அந்த மூச்சுக்குள் றஞ்சிதம் ஓடி வந்தார்.

"எல்லாரும் ஓடி வாங்கோ. றூபன் தம்பி வளைவில கழுதையோட அடிபட்டுக் கிடக்கிறார்."

"எந்த றூபன்?" என்று வஸீர் கேட்டார்.

"எங்கட சாந்தரூபன்தான்."

"அவர்தான் மௌத்தாகிட்டாரே."

"அப்ப நீங்களே வந்து அவரிட்டக் கேளுங்கோவன். பதாகையை அண்ணாந்து பாத்துக்கொண்டே வந்து கழுதையில ஏத்திப்போட்டார்."

திடல் ஒரு நொடியில் காலியாகிவிட்டது. ஆயிரம் பேரும் செத்தவரைப் பார்க்க ஓடினார்கள். மேடையில் நானும், கீழே ஒலிபெருக்கிக்காரரும் மட்டும். அவரும் சுருட்டிய வயரோடு என்னைப் பார்த்து, "மிச்சம் இருக்கோ ஐயா?" என்று கேட்டார். என் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய துக்கத்தை நான் அனுபவித்ததில்லை. அன்றைக்கு உண்மையில் அழுதவன் நான் ஒருவன்தான்.

ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. தோள்பட்டை எலும்பும் தாடையும் முறிந்ததாகச் சொல்கிறார்கள். கழுதைக்கு ஒன்றுமில்லை, பூசணிக்காயை முடித்துவிட்டுத்தான் நகர்ந்ததாம். அவர் ஹெல்மெட் போடுவதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது என் பிழை. வழியெல்லாம் போட்டிருப்பார் என்று நினைக்கவில்லை, பொதுவாக நம் ஆட்கள் பொலிசைக் கண்டால்தானே போடுவார்கள்.

இன்று காலை நீங்கள் என்னிடம் ஒரு துண்டுக் கடிதத்தைக் காட்டினீர்கள். தாடையைக் கம்பியால் கட்டியிருப்பதால் சாந்தரூபன் எழுதித் தந்தது. சுகந்தினி என் உரையின் முதற்பாதியைப் போனில் பதிந்து ஆசுபத்திரியில் போட்டுக் காட்டியிருக்கிறார். அவர் கட்டிலில் கிடந்து அழுதிருக்கிறார். கொம்பனியைச் சுகந்தினியே நடத்தட்டும் என்றும் எழுதியிருக்கிறார். கீழே, "கனகசிங்கம் ஐயாவை ஒண்டும் செய்யாதேங்கோ. வந்து மிச்சத்தை வாசிக்கச் சொல்லுங்கோ." எவ்வளவு பெரிய மனது பாருங்கள். நான் எழுதியதில் ஒரு சொல்கூட மிகையில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா.

அவரைப் பார்க்க உடனே போக நான் தயார். ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மூச்சு விட்டுக்கொண்டிருப்பவருக்கு முன்னால் நின்று இரங்கலுரை வாசிப்பதில்லை. தொழிலுக்கென்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் மரணம், பிறகு அறிவித்தல், பிறகு உரை. போன தடவை அந்த வரிசை கொஞ்சம் மாறிப்போனதால்தான் இவ்வளவு குழப்பமும். இனி அதைச் சரிசெய்ய வேண்டியது என் கடமை.

அதனால் ஒரு சின்ன உதவி, ஐயா. ஆசுபத்திரி வாட்டில் இருக்கிற தாதிமாரைக் கொஞ்சம் வெளியே போகச் சொல்லுங்கள். அவரோடு நான் தனியே இருக்க வேண்டும்.

அஞ்சு நிமிடம் போதும்.